உடப்புப் பள்ளிக்குப் பொறுப்பாளி யார்?

வடக்கு, கிழக்கு, மலையகம் என்று மூன்று கூடைகளை முடைந்து வைத்துக்கொண்டு, இந்நாட்டில் தமிழிலே கல்வி கற்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் அவற்றுள் அடக்கிவிட்டோம் என்று நம்மவர்கள் நிம்மதியாக இருக்கின்றார்கள். கல்வி மாநாடு கூடினால் யாழ்ப்பாணத்துப் பெறுபேறு பேசப்படும். மட்டக்களப்புப் படுவான்கரையின் குறை பேசப்படும். தோட்டப் பாடசாலைகளின் பரிதாபம் பேசப்படும். பேச வேண்டியவைதாம், மறுப்பாரில்லை. ஆனால், சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் கடற்கரையிலே தமிழ்ப் பாடப் புத்தகத்தை ஏந்திப் பள்ளிக்குப் போகின்ற பிள்ளை எந்தக் கூடையைச் சேர்ந்தது? அந்தப் பிள்ளைக்காக எந்த மேடையில், எந்தத் தலைவர், எந்த ஆண்டில் குரல் எழுப்பினார்? கேட்கின்றோம், விடை சொல்லுங்கள்.

புத்தளம் மாவட்டம் வடமேல் மாகாணத்தைச் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 62 ஆயிரம் பேர். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேற்பட்டோர் இலங்கைத் தமிழர். ஐந்திலொரு பங்கினர் என்று சொல்லத்தக்கோர் முஸ்லிம்கள். இருசாராரையும் கூட்டினால் மாவட்டத்தின் நாலிலொரு பங்கு. இந்த நாலிலொரு பங்கினரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் படிப்பது, படிக்க விரும்புவது, படிக்க உரிமை பெற்றிருப்பது தமிழிலே. இவர்களை ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று அழைக்கும் அழகான சொற்றொடர் நம் அரசியலில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்குகின்றது. சொற்றொடர் வாழ்கின்றது, அதற்குரிய பள்ளி தேய்கின்றது.

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவில் பத்துளுஓயாவில் இறங்கி, மேற்கே கடலை நோக்கித் திரும்பினால் வருவது உடப்பு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. சுற்றிலும் சிங்களம் வழங்க, நடுவே ஒரு தீவுபோலத் தமிழ் வழங்குகின்ற சைவ ஊர். ஆடி மாதத்துத் தீமிதிப்புக்கும், கரைவலை இழுக்கும்போது எழும் அம்பாப் பாட்டுக்கும் அவ்வூர் பேர்போனது. அதை எழுதாத பத்திரிகை இல்லை. படம் பிடிக்காத நிழற்படக்காரர் இல்லை. திருவிழாவுக்குப் போகின்ற நம்மவர்கள் எத்தனை பேர் திரும்பும் வழியில் அவ்வூர்ப் பள்ளியின் வாசலில் நின்று, ‘இங்கே இரசாயனம் படிப்பிக்க ஆள் இருக்கின்றதா?’ என்று கேட்டார்கள்? கோயிலைப் பார்த்துப் பரவசமாகின்ற கண்ணுக்குப் பள்ளிக்கூடம் தெரிவதில்லை.

உடப்பை உடப்பாக வைத்திருப்பவை இரண்டு. ஒன்று திரௌபதை அம்மன் கோயில். மற்றது உடப்புத் தமிழ் மகா வித்தியாலயம். கோயில் ஊரவரின் கைகளில் இருக்கின்றது. அதற்குக் குறையொன்றும் வந்துவிடவில்லை. பள்ளியோ அரசாங்கத்தின் கைகளில் இருக்கின்றது. அங்கே படிக்கும் பிள்ளைகள் யார்? கரைவலைச் சம்மாட்டியின் பிள்ளை சிலர். அந்த வலையைப் பங்குக்கு இழுக்கின்றவனின் பிள்ளை பலர். இறால் வளர்ப்புக் குளத்தில் கூலிக்கு நிற்பவனின் பிள்ளையும், மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடு உலர்த்தும் தாயின் பிள்ளையும் அருகருகே இருந்து படிக்கின்றன. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகின்ற பிள்ளையும் இக்கரையோரத்தில் புதிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இவ்வீடுகளில் பணப்புழக்கம் நின்றுவிடும். கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மழை பிழைத்த போகத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கொப்பி, பேனைக் கணக்கு எப்படி இருக்குமோ, காற்றுப் பிழைத்த மாதங்களில் அவர்கள் வீட்டுக் கணக்கும் அப்படியே. வேற்றூருக்கு அனுப்பி, விடுதியில் வைத்து, தனிப்பட்ட வகுப்புக்குப் பணங்கட்டிப் படிப்பிக்கும் வசதி இவ்வீடுகளுக்கு இல்லை. ஊர்ப்பள்ளி தருவதே கல்வி. ஊர்ப்பள்ளி தராதது அவர்களுக்கு இல்லவே இல்லை.

பள்ளி ஒன்று போனால் என்ன போகும் என்பதை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உடப்பிலிருந்து தெற்கே கரையோரமாகவே நடந்தால் போதும். சிலாபம், மாரவில, வென்னப்புவ, அப்பால் நீர்கொழும்பு. இக்கரையின் மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசின; செபித்ததும் தமிழிலே. இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் படித்து, சிங்களத்தில் எழுதி, தம்மைச் சிங்களவர் என்றே பதிவு செய்கின்றார்கள். நீர்கொழும்பு மீனவர் சிலர் வீட்டில் இன்னும் வழங்கும் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர், அத்தமிழில் வினைமுற்றின் விகுதிகளே தேய்ந்துவிட்டதைக் கண்டிருக்கின்றார்கள். நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வினைவடிவு. எழுத்தறிவிக்கும் பள்ளி இல்லாத மொழி அடுப்பங்கரையில் எவ்வளவு காலம் முழு உருவோடு நிற்கும்?

இந்த மாற்றத்தைப் படை எடுத்து வந்தவர் எவரும் செய்யவில்லை. கலவரமும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் செய்தது. எவ்வகைப் பள்ளிக்கூடம் என்பதை இளைய வாசகர் அறிந்திருத்தல் வேண்டும்.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததன் பின், மிசன்களும் சங்கங்களும் நடாத்திய பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கலாயிற்று. ‘உதவி பெறும் பாடசாலை’ என்பது அவற்றின் பெயர். பணம் பொதுமக்களுடையது, நிருவாகம் முகாமையாளருடையது. ஆசிரியரை நியமிப்பவர் அவர், நீக்குபவர் அவர், வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவரும் நடைமுறையில் அவரே. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1991இல் ஒரு சட்டஞ் செய்து, பொதுப் பணத்தில் நடந்து தனிச் சபையொன்றால் ஆளப்படும் ‘சாசனப் பள்ளி’ என்ற ஒன்றைத் தோற்றுவித்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. அதைப் புதுமை என்று வியந்து, ‘இங்கேயும் பள்ளிகளைச் சமூகங்களிடம் ஒப்படைத்தால் என்ன?’ என்று கேட்போர் உண்டு. ஐயா, அந்தப் புதுமையில் நாம் நூறாண்டு மூழ்கி எழுந்தவர்கள்! அதன் நன்மையையும் கண்டோம்: அரசாங்கம் ஒரு கல்லும் நாட்டாத இடங்களில் மிசன் பள்ளி எழுந்தது, மீனவன் பிள்ளை கையெழுத்துப் போடப் பழகிற்று. இதை மறுப்பது நன்றிகேடு. அதன் தீமையையும் இக்கரையோரம் கண்டது. அமெரிக்கப் பெற்றோருக்குச் சாசனப் பள்ளி பிடிக்காவிட்டால் பக்கத்தில் வேறொரு பொதுப் பள்ளி உண்டு. கடற்கரைக் குடியிருப்பில் கோயிலும் ஒன்று, பள்ளியும் ஒன்று. இரண்டுக்கும் தலைவர் ஒருவர். அவர் மொழியை மாற்றினால் பெற்றோன் எங்கே போவான்? கடலுக்குத்தான் போவான்.

சிலாப மறைமாவட்டம் 1939இல் அமைந்தது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ். வரலாற்று ஆராய்ச்சியில் வல்லவர். கத்தோலிக்கச் சிங்கள இலக்கியத்தைத் துருவி ஆராய்ந்தவர். அவருடைய புலமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் கரையோரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் தமிழ்ப் பிரிவுகள் அருகிச் சிங்களம் போதனாமொழியானதற்கு அவருடைய கல்விக் கொள்கையே பெருங்காரணம் என்று இக்கரையின் வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கின்றார்கள். இம்மக்கள் இனத்தால் சிங்களவர், ஆதலால் சிங்களத்துக்கு மீளுவதே முறை என்பது வாதம். இருக்கட்டும், இனவரலாறு பற்றி அறிஞர்கள் ஆயுள் முழுவதும் வாதிக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய் எந்த மொழியில் சோறூட்டினாள் என்பதற்கு மாத்திரம் ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்தத் தாயைக் கேட்டிருந்தால் போதும். அவளைக் கேட்டவர் யார்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1944இல் அரசாங்க சபையிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்துக்காகக் கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்கும் திருத்தம் வி. நல்லையாவால் ஏற்றப்பட்டது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது சபாநாயகர் ஆசனத்தில் இருந்த எச். எஸ். இஸ்மாயில், புத்தளம் தொகுதியின் உறுப்பினர்! இதை விதியின் விளையாட்டு என்று சொல்லுவதன்றி வேறென்ன சொல்லுவது? 1958ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமோ, அரசாங்கப் பள்ளியிலாயினும் உதவி பெறும் பள்ளியிலாயினும் தமிழ் மாணவன் தமிழில் கற்பதற்கு உரித்துடையவன் என்று தெளிவாகவே சொல்லிற்று. கரையோரப் பள்ளிகளில் இவ்வுரிமையைக் கேட்டு நின்றவர் எவர்?

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. முகாமையாளரின் ஆட்சி முடிந்தது. கத்தோலிக்கப் பெற்றோர் கொதித்தெழுந்து பள்ளிக் கட்டிடங்களுள் புகுந்து இராப்பகலாக இருந்து மறியல் செய்தார்கள். நிருவாகம் யாருக்கு என்ற கேள்விக்காகப் பாயும் தலையணையும் கொண்டுபோய்ப் படுத்தவர்கள் அவர்கள். அதே கட்டிடங்களில் மொழி மாறியபோது ஒரு பாயாவது விரிக்கப்பட்டதாக நாம் அறியோம். அதே 1961இன் தொடக்க மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரி வாசல்களில் தமிழுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது; யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் விழித்திருந்தன. புத்தளம் கச்சேரி வாசலில் எவரும் அமரவில்லை. மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையே ஒரு காடும் ஓர் ஆறுந்தான் குறுக்கே கிடக்கின்றன. நம் தலைவர்களுடைய மனத்திலோ ஒரு மாகாண எல்லை கிடந்தது.

இவ்வளவு நடந்தும் உடப்பு தமிழை விடவில்லை. காரணம் வீரமன்று, மந்திரமுமன்று. ஊருக்கென்று ஒரு கோயிலும், அதை நடாத்தும் ஊரவரின் கட்டுப்பாடும், தமிழிலே படிப்பிக்கும் ஒரு பள்ளியும் ஒருசேர இருந்தன. மூன்றில் ஒன்று தளர்ந்திருந்தால் தெற்கே நடந்ததே இங்கும் நடந்திருக்கும். இப்போது தளர்ந்து கொண்டிருப்பது மூன்றாவது.

தளர்ச்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் வந்ததை நம் வாசகர்களுள் மருத்துவரும் பொறியியலாளரும் மறந்திருக்க மாட்டார்கள். மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மாணவனுக்கு 250 புள்ளி, சிங்கள மொழி மாணவனுக்கு 229 புள்ளி. யாழ்ப்பாணம் கொதித்தது, நியாயந்தான். ஆனால் அந்த அநீதியை இக்கரையோரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளின் ஆய்வுகூடத்தில் படித்தவனுக்கும் 250. கரைவலைக் கயிற்றை வைத்துவிட்டு விளக்கொளியில் படித்தவனுக்கும் 250. தமிழன் என்றபடியால் மேலே தூக்கி வைத்த தடையைத் தாண்டும்படி கேட்கப்பட்டான். தமிழனுக்கென்று நல்ல பள்ளி ஒன்று மாத்திரம் அவனுக்குக் கிடைத்ததில்லை. யாழ்ப்பாணத்தின் திறமைக்கு விதித்த தண்டத்தை உடப்பின் வறுமை கட்டிற்று. அக்காலத்துக் கண்டனங்களுள் இந்தப் பக்கத்தைச் சொன்னவை எத்தனை?

1990 ஒக்டோபரிலே தமிழின் பெயரால் ஆயுதமேந்தியவர்கள் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேரைப் பிறந்த மண்ணிலிருந்து துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களும், தரைவழியே வந்தவர்களுமாகப் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். புத்தளத்து மக்கள், தாமே ஏழைகளாய் இருந்தும், நிலமும் நீரும் பள்ளியும் பகிர்ந்தார்கள். காலையில் ஊர்ப்பிள்ளைகள், பிற்பகலில் வந்த பிள்ளைகள் என்று ஒரே கட்டிடத்தில் இரு பள்ளிகள் நடந்தன. அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் படித்தார்கள்? தமிழில்! தமிழின் பெயரால் துரத்தப்பட்டவர்கள், துரத்தப்பட்ட இடத்தில் தம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார்கள். சிங்கள வகுப்பு அடுத்த தெருவில் இருந்தது, சேர்த்திருக்கலாம், பழிதீர்க்க அதைவிட நல்ல வழி வேறில்லை. அவர்கள் அதைச் செய்யவில்லை. இன்று புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழ் மொழிக் கல்வி நிலைத்து நிற்பதற்கு முதற்காரணர் முஸ்லிம் பெற்றோர் என்பதை, நமக்குக் கசந்தாலும் இனித்தாலும், எழுதி வைக்க வேண்டியிருக்கின்றது. ‘அவர்கள் தமிழரல்லர், அவர்களுடைய பள்ளி நம் கவலையன்று’ என்று இன்னும் சொல்லித் திரியும் நண்பர்களைப் பார்த்து ஒன்று கேட்கின்றோம்: தமிழ் பேசும் மக்கள் என்ற சொற்றொடரை வாக்குச்சீட்டு அச்சாகும் மாதத்தில் மாத்திரந்தான் பயன்படுத்துவீர்களா?

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியின் பெரும்பகுதி மாவட்டக் கணக்கில் நடப்பது யாவரும் அறிந்தது. நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கு. 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. புத்தளம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே புத்தளத்துப் பிள்ளைக்கு இரட்டைச் சலுகை என்று கொழும்பில் சொல்லுவார்கள். சலுகை யாருக்குக் கிடைக்கின்றது? மாவட்டத்தின் பெயரால் வரும் இடத்தை எடுப்பதற்கு முதலில் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரத்தில் படித்திருத்தல் வேண்டும். இக்கரையோரத் தமிழ் மொழிப் பள்ளிகளில் அப்பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை என்ற முறைப்பாடு ஆண்டுதோறும் எழுகின்றது. விஞ்ஞானப் பிரிவு என்று பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு ஒரு தகரமும் ஒரு சாடி வர்ணமும் போதும். பௌதிகத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்து இரசாயனத்துக்கு ஒருவர் இல்லையென்றால், அல்லது இருவரும் இருந்து ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் இல்லையென்றால், அந்தப் பிரிவு பலகையில் மாத்திரமே நடக்கின்றது. பின்தங்கிய தமிழ்ப் பிள்ளையையும் முஸ்லிம் பிள்ளையையும் கணக்கிற் சேர்த்து மாவட்டத்தின் பங்கு தீர்மானிக்கப்படுகின்றது. அந்தப் பங்கை உண்பவர் மாவட்டத்தின் தெற்கே நல்ல பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களைக் குறை கூறவில்லை, படித்தார்கள், பெற்றார்கள். தலையை எண்ணும்போது எங்கள் பிள்ளை வேண்டும், இலையைப் போடும்போது வேண்டாமா என்பதே நம் கேள்வி.

இதே மாவட்டத்தில் பாலாவியில் சீமெந்து ஆலை இருக்கின்றது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல் மின் நிலையம் 2011 முதல் எரிகின்றது. உப்பளம் இருக்கின்றது, இறால் வளர்ப்பு 1980கள் முதல் நடக்கின்றது, 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளங்கள் வெறுமையானபோது நீரைச் சோதித்துக் காரணஞ் சொல்ல ஆளின்றிச் சிறு பண்ணைக்காரர் தலையிலடித்துக்கொண்டார்கள். இரசாயனம் தெரிந்தவனுக்கு இவ்வளவு வேலை வைத்திருக்கும் மாவட்டம் இத்தீவில் எத்தனை உண்டு? அந்தக் கரையின் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வாயிற்காவலும் சாக்குத் தூக்குதலும். கொழும்பு மாநகரத்துக் குப்பையைப் புகைவண்டியில் ஏற்றி அருவக்காட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். குப்பையை அனுப்பப் பாதை கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு ஆசிரியரை அனுப்பப் பாதை தெரியவில்லை!

நமக்குச் சொல்லப்படும் மறுப்புகளை அறியாதவர்களல்லோம். ‘பெற்றோரே விரும்பிச் சிங்கள வகுப்பில் சேர்க்கின்றார்கள், உத்தியோகம் கிடைக்கும் என்று எண்ணுகின்றார்கள், நீங்கள் யார் தடுக்க?’ என்பது முதலாவது. தடுக்கவில்லை. இக்கரையோரத்துப் பிள்ளைக்குச் சிங்களம் சந்தையிலும் துறையிலும் தானாகவே வருகின்றது, வரட்டும், நன்றாக எழுதவும் பழகட்டும். ஒரு வகுப்பில் ஆசிரியர் ஐந்து பேர், மறுவகுப்பில் நாற்காலி ஐந்து என்ற நிலையில் பெற்றோன் செய்வதற்கு விருப்பம் என்று பெயரிடுவதைத்தான் மறுக்கின்றோம். இரண்டு வகுப்பிலும் ஆசிரியரை வைத்துவிட்டு, பிறகு விருப்பத்தைக் கேளுங்கள். 

‘தொகை சிறிது’ என்பது இரண்டாவது. தொகை சிறிதானபடியால்தான் சட்டம் வேண்டியிருக்கின்றது. பெருந்தொகையினருக்கு வாக்குப்பெட்டியே போதும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, ஆள் ஒவ்வொருவரும் தேசிய மொழிகள் இரண்டில் எதிலேனும் கற்பதற்கு உரித்துடையர் என்று சொல்லுகின்றது. இத்தனை பேருக்கு மேல் இருந்தால் என்று சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடமிருந்தே வருகின்றது: ‘கெட்டிக்காரப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் படிப்பிக்கின்றோம்.’ நல்ல மனந்தான். கமக்காரரே, நாற்றுமேடை காய்ந்து கிடக்கையில், ‘திறமான நாலு நாற்றைப் பிடுங்கி என் வயலில் நடு’ என்று அயலவன் சொன்னால் உங்கள் வயலுக்கு அதனால் என்ன பயன்? அந்த நாலும் வளரலாம். மேடையில் மீந்தவற்றுக்குத் தண்ணீர் யார் விடுவது? தவிரவும், போய்ப் படித்த பிள்ளை திரும்பி வந்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியராவது அரிது.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் இடப்பெயர் அகராதியை 1834இல் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்தார். தமிழ்ப் புலவர் யாவர், அவர் செய்த நூல் யாது என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன முதல்வருள் ஒருவர் இந்த ‘மூன்று கூடைக்கும் வெளியான’ கரையில் தோன்றியவர். அவரைப் பாடப் புத்தகத்தில் படிப்பிக்கின்றோம். அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தைப் படிப்பிக்க ஆசிரியர் உண்டா என்று பார்ப்பதில்லை.

கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். புத்தளம், சிலாபம் ஆகிய இரு கல்வி வலயங்களிலும் தமிழ் மொழிப் பள்ளிகளைக் கவனிக்கவென்றே, தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்த, அதிகாரமுள்ள உத்தியோகத்தர் வேண்டும். குருநாகலில் உள்ள மாகாணத் திணைக்களத்துக்குத் தமிழில் எழுதிய முறைப்பாடு மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலையக்கூடாது. மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநர் கையிலேயே ஓடின. முறையிடச் சென்ற பெற்றோருக்குத் தட்ட ஒரு கதவுமில்லாமற் போயிற்று. வடக்கே கற்பிட்டி, புத்தளம் பக்கத்தில் ஒன்றும், தெற்கே உடப்பு, முந்தல் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு பள்ளிகளிலேனும் தமிழ் மொழியில் கணித, விஞ்ஞான உயர்தர வகுப்புகள் முழு ஆசிரியரோடும் ஆய்வுகூடத்தோடும், இந்து, முஸ்லிம், கத்தோலிக்கப் பிள்ளைகள் எவரும் தங்கிப் படிக்கும் விடுதியோடும் நடத்தல் வேண்டும். கல்வியியற் கல்லூரிகளுக்கு இக்கரையோர இளைஞரையும் யுவதிகளையும் சேர்த்து, பயிற்சி முடிந்ததும் இங்கேயே பணிபுரியும் நிபந்தனையோடு நியமித்தல் வேண்டும். வெளிமாவட்டத்திலிருந்து வருகின்ற ஆசிரியர் முதல்நாளே இடமாற்ற விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவதைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தங்க வீடில்லை, பேருந்து இல்லை, பழக ஆளில்லை.

உத்தியோகத்தராய் இருக்கும் நம் வாசகர்களுக்கும் வேலை உண்டு. கொழும்பில் வாழும் தமிழ்ப் பொறியியலாளரும் மருத்துவரும் விடுமுறைக்குப் பறக்கும் தூரத்தில் நாலிலொரு பங்கும் இல்லை புத்தளம்; காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் உடப்பை அடையலாம். வடக்கிலே பழைய மாணவர் சங்கங்கள் நீச்சற்குளங்கட்டப் பணம் சேர்க்கின்றன, கட்டட்டும். பழைய மாணவன் டொறன்ரோவிலோ இலண்டனிலோ இல்லாத பள்ளிக்கு யார் பணம் சேர்ப்பார்? ஆயினும் தருமத்தால் மாத்திரம் இது தீராது. பள்ளி அரசாங்கத்தினுடையது, 1961இல் கையேற்ற பொறுப்பு இன்னும் அதனுடையதே.

ஆதலால் முதற்காரியம் பாராளுமன்றத்தில் நடக்கவேண்டும். தமிழ்க் கட்சிகளின் உறுப்பினரும் முஸ்லிம் கட்சிகளின் உறுப்பினரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிராமல், ஒரே வாய்மூல வினாவில் கையொப்பமிட்டுக் கல்வி அமைச்சரைக் கேட்கட்டும்: புத்தளம் மாவட்டத்துத் தமிழ் மொழிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, கடந்த பத்தாண்டுகளில் அம்மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சென்றவர்களுள் தமிழ் மொழியில் பரீட்சை எழுதியவர் எத்தனை பேர்? விடை பள்ளிவாரியாக, ஆண்டுவாரியாக ஹன்சாட்டில் ஏறட்டும். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து இந்தப் பத்திரிகையில் முழுமையாக வெளியிடுவோம். கல்வி அமைச்சின் செலவினம் விவாதத்துக்கு வரும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு யார் எழுந்து பேசுகின்றார், யார் அன்றைக்குச் சபைக்கே வரவில்லை என்பதையும் பெயர் குறித்து வெளியிடுவோம்.